முன்னால் போன வண்டி

ஆறாம் நாள். காலை ஆறு பத்து.

அன்புவழிபுரத்தில் ஓர் ஒழுங்கை. மின்கம்பத்துக்கு மின்கம்பம் வெள்ளைக் கொடிகள். கச்சான் காற்று பாதியை அறுத்துப்போட்டிருக்கிறது. மீதிப் பாதி படபடக்கிறது.

ஒழுங்கையின் நடுவில் ஒரு வீடு. முற்றத்து ஓரத்தில் தகரப் பத்தி. பத்திக்குக் கீழே ஒரு ஹொண்டா சி.டி. 200. எண்பதுகளின் ஜப்பான் வண்டி. இரட்டைச் சிலிண்டர். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்சர். எஞ்சினுக்குக் கீழே பிஸ்கட் பெட்டி மட்டை விரித்திருக்கிறது. மட்டையில் எண்ணெய் வட்டங்கள். பழையவை கறுப்பு. புதியது தேன் நிறம்.

ஒரு பஜாஜ் வந்து கேற்றடியில் நிற்கிறது. ஓட்டி வந்தவருக்கு அறுபத்து நாலு வயது. ஓய்வுபெற்ற பாடசாலை எழுதுவினைஞர். சட்டைப் பையில் பேனை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஹோர்னை இரண்டு தரம் அழுத்துகிறார்.

அழுத்திய பிறகு விரலை எடுக்கிறார். விரலைப் பார்க்கிறார்.

குசினி வாசலுக்கு ஒரு பெண் வருகிறார். கையில் கேத்தல்.

"வாங்கோ அண்ணா."

"பற்றரி இறங்கிப் போகும் தங்கச்சி. ஒருக்கா ஸ்ராட் பண்ணி வைப்பம்."

திறப்பு யன்னல் கம்பியில் தொங்குகிறது. அவர் அதை எடுக்கவில்லை. அவர் எடுக்காததைப் பார்த்து வீட்டுக்காரியே எடுத்துக் கொடுக்கிறார்.

பெற்றோல் குழாய் திறக்கிறது. சோக் பாதி. திறப்பைத் திருப்பாமல் இரண்டு வெறும் கிக். திறப்பைத் திருப்பி மூன்றாவது. எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. முதலில் இடது சைலன்சர் புகைக்கிறது, பிறகு வலது.

அவர் வண்டியில் ஏறவில்லை. பக்கத்தில் நிற்கிறார். மணிக்கூட்டைப் பார்த்து ஐந்து நிமிடம். திறப்பைத் திருப்பி நிறுத்துகிறார்.

தேத்தண்ணி வருகிறது. மட்டையில் இன்னொரு தேன் வட்டம்.



ஒழுங்கை முகப்பு மின்கம்பத்தில் மரண அறிவித்தல். ஓரங்கள் சுருண்டிருக்கின்றன.

படத்தில் சிரித்த முகம். பெரிய படமொன்றிலிருந்து வெட்டி எடுத்தது. கீழ் மூலையில் ஹான்டில் கண்ணாடியின் விளிம்பு தெரிகிறது. இடது ஓரத்தில் ஒரு விரற்கிடை அகலத்துக்கு யாரோ ஒருவரின் சட்டைக் கை. நீலக் கட்டம் போட்ட துணி.

எழுதுவினைஞர் இன்று போட்டிருப்பதும் நீலக் கட்டம்தான். வெளுத்திருக்கிறது.

அவர் நின்று வாசிக்கிறார். அன்னார் இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும். சகோதரர்கள் நாலு பெயர். மைத்துனர்கள் ஆறு பெயர். சகலன் ஒருவர். கடைசி வரியில் உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்.

கடைசி வரியில் அச்சுப்பிழை. 'நண்பர்கள்' என்ற சொல்லின் கடைசி எழுத்துக்குப் புள்ளி இல்லை.

அவர் பையிலிருந்து பேனையை எடுக்கிறார். புள்ளி வைக்கிறார். மூடியைப் போட்டுப் பேனையைத் திரும்பவும் பையில் செருகுகிறார்.

சைக்கிளில் போகும் ஒருவர் காலை ஊன்றுகிறார்.

"எக்சிடென்ற்றோ?"

"இல்லை. நித்திரையில."

"அப்ப மோட்டார் சைக்கிள்?"

"அதில ஒரு கீறலும் இல்லை."



முதலாவது ஞாயிறு. பெற்றோல் செட்.

பஜாஜ் உள்ளே வருகிறது. எண்ணெய் அடிக்கும் பையன் குழாயைத் தூக்குகிறான். பார்வை பஜாஜுக்குப் பின்னால் போகிறது, பிறகு முன்னால். எத்தனையோ வருடமாக முதலில் ஹொண்டா, அடுத்து பஜாஜ். பையன் ஒன்றும் கேட்கவில்லை. மூடியைத் தானே திறக்கிறான்.

பணம் எடுக்கும்போது பேர்ஸிலிருந்து ஒரு அட்டை விழுகிறது. லமினேட் செய்த கியூ.ஆர். அட்டை. 2022இல் எல்லார் பேர்ஸிலும் இருந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லை.

இந்த அட்டையில் உள்ள வாகன இலக்கம் பஜாஜினுடையது அல்ல.

அந்த வருடம் மட்டும் இருவரும் ஒரே வண்டியில் போனார்கள். நாலும் நாலும் எட்டு. குறைய எண்ணெய் குடிப்பது பஜாஜ். ஆகவே ஓடியது பஜாஜ். ஓட்டியவர் ஹொண்டாக்காரர். பின்னால் இருந்தவர் எழுதுவினைஞர். வண்டி அவருடையது, இடம் பின் இருக்கை. யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

பையன் அட்டையை எடுத்துத் துடைத்துக் கொடுக்கிறான்.



அநுராதபுரச் சந்தி. ஏழு மணி.

ஒரு வீதி பட்டினத்துக்குப் போகிறது. அதன் முடிவில் கோட்டை, மான்கள், கோணேசர். ஒரு வீதி கன்னியாப் பக்கமாக அநுராதபுரத்துக்கு. ஒரு வீதி சீனக்குடா, கிண்ணியாப் பக்கம்.

பஜாஜ் இடது ஓரத்தில் நிற்கிறது. எஞ்சின் ஓடுகிறது. சிக்னல் இடதும் இல்லை, வலதும் இல்லை.

முப்பத்தொரு வருடம் இந்தச் சந்தியில் எந்தப் பக்கம் என்பது முன்னால் நின்ற வண்டிக்குத்தான் தெரியும். அதன் சிவப்பு லைற். அதன் மண் தட்டு. மண் தட்டில் 'கோணேசர் துணை'. திரும்புவதற்கு ஒரு நொடி முன்புதான் சிக்னல் விழும். எழுதுவினைஞர் அதைப் பார்த்துத் திரும்புவார். எங்கே என்று கேட்பதில்லை. வீட்டில் கேட்டாலும் "தெரியாது" என்றுதான் சொல்லிவிட்டு வருவார். அது உண்மை.

ஓட்டோக்காரர் ஒருவர் தலையை நீட்டுகிறார்.

"என்னண்ணை, ஆரையும் பாக்கிறீங்களோ?"

"ஓம். இல்லை."

மூன்று பஸ் கடந்து போகிறது. நாலாவது பஸ்ஸில் 'கிண்ணியா' என்று பலகை. பஜாஜ் அந்தப் பஸ்ஸுக்குப் பின்னால் போகிறது.



சீனக்குடா. மரங்களுக்கு இடையில் எண்ணெய்க் குதங்களின் வட்டத் தலைகள். பிரித்தானியர் கட்டியவை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானம் ஒன்று அவற்றில் ஒன்றில் போய் மோதியது. நாட்கணக்காக எரிந்தது. ஹொண்டாக்காரர் இந்த இடத்தில் வேகத்தைக் குறைப்பார். புதிதாக யாராவது கூட வந்தால் நிறுத்தி, விமானம் வந்த திசையைக் கையால் காட்டுவார். ஜப்பான் வண்டியில் இருந்துகொண்டு காட்டுவார்.

பஜாஜ் வேகம் குறைகிறது. மீண்டும் கூடுகிறது.

அப்பால் மாவு ஆலை. ஹொண்டாக்காரர் அங்கே முறை வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய முறை மாறும்போது ஞாயிறுகளும் மாறும். சில காலம் ஞாயிறு புதன்கிழமையில் வரும். எழுதுவினைஞர் புதன்கிழமைகளில் லீவு போட்டிருக்கிறார்.

வளைவில் ஒரு மாடு. எழுதுவினைஞரின் இடது கை தானாக நீள்கிறது. உள்ளங்கை நிலத்தைப் பார்க்கிறது. அவர்களுக்குள் அது 'கவனம்'. பெற்றோல் தாங்கியில் இரண்டு தட்டுத் தட்டினால் 'ரிசேவில் விழுந்துவிட்டது'. இரண்டு விரல் காட்டினால் 'தேத்தண்ணி'. எல்லாம் முன்னால் போகிறவர் பின்னால் வருபவருக்குக் காட்டுவது.

பின்னால் ஒரு தண்ணீர் பவுசர் வருகிறது. சாரதி வேகத்தைக் குறைக்கிறார்.



கிண்ணியாப் பாலம். நீளம் 396 மீற்றர். திறந்தது 2009 ஒக்ரோபர் 20.

பஜாஜ் பாலத்தில் ஏறவில்லை. பாலத்துக்கு முன்பே ஓரம் கட்டுகிறது. பழைய துறையடிப் பக்கம். எஞ்சின் நிற்கிறது.

பாலம் வரும்வரை இங்கே பாதைதான். வாகனங்களை ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் அந்தப் பெரிய மிதவையை இங்கே பாதை என்பார்கள். பாதை அக்கரையில் நின்றால் இக்கரையில் காத்திருக்க வேண்டும். வரிசை நீளும். வெயில் ஏறும். கச்சான் விற்பவர் வருவார். காற்றுக்கும் பெயர் கச்சான், கடலைக்கும் பெயர் கச்சான். ஹொண்டாக்காரர் இரண்டு சுருள் வாங்குவார்.

பாலம் திறந்த பிறகும் அவர் இந்த இடத்தில் நிறுத்துவதை விடவில்லை. எஞ்சினை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, நீரைப் பார்த்து ஒரே வசனம் சொல்வார்.

"பாதை வரட்டும் மச்சான்."

வாகனங்கள் பக்கத்தால் பாலத்தில் ஏறிப் போய்க்கொண்டிருக்கும். பாதை ஒருமுறை வந்து திரும்பும் நேரத்துக்கு இருவரும் நிற்பார்கள். பிறகு கிளம்புவார்கள்.

எழுதுவினைஞர் ஹெல்மெட்டைக் கழற்றுகிறார். கீழே வலை வீசும் ஒருவர். இழுக்கிறார். வெறும் வலை. திரும்ப வீசுகிறார்.

இருபது நிமிடம். ஹெல்மெட் தலைக்குப் போகிறது. பஜாஜ் பாலத்தில் ஏறுகிறது. கடக்க ஒரு நிமிடமும் ஆகவில்லை.



ஞாயிறு பின்னேரம். மேசையில் ஒரு சி.ஆர். கொப்பி.

கோடு போட்டு ஐந்து பத்தி பிரித்திருக்கிறது. திகதி, இடம், மீற்றர், எண்ணெய், குறிப்பு. எழுத்து வட்டமாக, பதிவேட்டு எழுத்து. இது நாலாவது கொப்பி. முந்தியவை கீழே அடுக்கியிருக்கின்றன. அட்டைகளைக் கறையான் கொஞ்சம் தின்றிருக்கிறது.

தாள்கள் புரள்கின்றன.

26.12.2004. இடம் என்ற பத்தி வெறுமை. அதற்கடுத்த பதினொரு வரியில் நிலாவெளி, குச்சவெளி, இறக்கக்கண்டி, கிண்ணியா, மறுபடி நிலாவெளி. குறிப்பில் பாண், மெழுகுதிரி, பால்மா, பாண், சீலை, பாண்.

2006 ஆவணி. மூதூர் என்ற பெயர் நின்றுபோகிறது. வெருகலும் நின்றுபோகிறது. பக்கம் பக்கமாக உப்புவெளி, கோணேசர், உப்புவெளி. அந்த வருடங்களில் சென்றி வரும் முன்பே எஞ்சினை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, வண்டியை உருட்டிப் போக வேண்டும். குறிப்பில் சில இடங்களில் 'உருட்டினது' என்று மட்டும் இருக்கிறது.

20.10.2009. கிண்ணியா. குறிப்பில் 'பாலம்'. அடிக்கோடு இரண்டு.

2011இல் ஒரு வரி வெருகல் சித்திரவேலாயுதர். குறிப்பில் 'ஐந்து வருசம்'.

2022. எண்ணெய்ப் பத்தியில் 4+4.

கடைசியாக நிரம்பிய வரி ஒரு ஞாயிறு. இடம் கன்னியா. குறிப்பில் 'ஹொண்டா பிளக் மாத்த வேணும்'.

அதற்குக் கீழே இன்றைய திகதி விழுகிறது. இடம், கிண்ணியா. மீற்றர் பஜாஜினுடையது எழுதப்படுகிறது. ஒவ்வொரு வரியிலும் மீற்றருக்கு இரண்டு எண். மேலே ஹொண்டா, கீழே பஜாஜ். இன்று மேலிடம் காலி.

அவர் பேனையை வைத்துவிட்டு எழுந்து போகிறார். திரும்பி வந்து மேலிடத்தில் பழைய எண்ணையே எழுதுகிறார்.



முப்பத்தோராம் நாள். கன்னியா.

ஏழு கிணறுகள். கிணறு என்று பெயர். ஆழம் அதிகம் இல்லை. சதுரக் கட்டு, உள்ளே தெளிந்த வெந்நீர். ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. தாயின் கிரியைக்காக இராவணன் வாளால் ஏழு இடத்தில் குத்தி நீர் வரவழைத்தான் என்பது ஊர்க்கதை. திருகோணமலைச் சைவர்கள் அந்தியேட்டிக்கு இங்கே வருவது அந்தக் கதையின் தொடர்ச்சி.

தெற்கிலிருந்து வந்த சுற்றுலா பஸ்ஸின் பிள்ளைகள் வாளிகளோடு ஓடுகிறார்கள். எந்தக் கிணறு கூடச் சூடு என்று போட்டி.

வீட்டார் வானில் வந்திறங்குகிறார்கள். எழுதுவினைஞர் பஜாஜில், வானுக்குப் பின்னால் வந்திருக்கிறார்.

ஐயர் தர்ப்பையை எடுக்கிறார்.

"மகன் இங்க வாரும். சகோதரங்கள் ஆர்? மைத்துனர்மார் இந்தப் பக்கம்."

மகன் முன்னால் இருக்கிறார். கட்டாரிலிருந்து வந்தவர். சகோதரர்கள் வலது. மைத்துனர்கள் இடது. வவுனியாவிலிருந்து வந்த மைத்துனர் பிந்தி ஓடிவருகிறார். ஹொண்டாக்காரரை அவர் கடைசியாகக் கண்டது ஒரு கலியாணத்தில். அவருக்கும் இடம் விடுகிறார்கள்.

எழுதுவினைஞர் ஒரு வேப்ப மரத்தடியில் நிற்கிறார். கையில் மகனின் மணிக்கூடு, சகோதரரின் மூக்குக்கண்ணாடி, மைத்துனர்களின் போன்கள் மூன்று. தோளில் துவாய்கள். காலடியில் எட்டுச் சோடிச் செருப்பு. ஒரு போன் அடிக்கிறது. அவர் அதைத் தூரமாகப் பிடித்துப் பெயரைப் பார்க்கிறார். எடுக்கவில்லை.

எள். தண்ணீர். பிண்டம். ஐயர் பெயரைக் கேட்கிறார். மகன் சொல்கிறார். மூன்று தரம் கேட்கிறார். மூன்று தரமும் மரத்தடியில் உதடு அசைகிறது.

கிரியை முடிகிறது. எல்லாரும் கிணறுகளுக்குப் போகிறார்கள். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. வாளி வாளியாகத் தலையில் வார்க்கிறார்கள். ஏழாவது முடிந்து வரும்போது ஒவ்வொருவராக நனைந்த உடம்போடு மரத்தடிக்கு வந்து துவாய் வாங்குகிறார்கள். போன், கண்ணாடி, போன். தோள் காலியாகிறது. கை காலியாகிறது.

நனையாதவர் அவர் ஒருவர்தான்.

மகன் கடைசியாக வருகிறார். துவாய் வாங்க வரவில்லை. கையில் வாளி. நீர் தளும்புகிறது. ஆவி பறக்கிறது.

"மாமா, குனியுங்கோ."

அவர் குனிகிறார்.

நீர் தலையில் விழுகிறது. கழுத்தால் இறங்குகிறது. நீலக் கட்டச் சட்டை உடம்போடு ஒட்டுகிறது. மகன் திரும்பிப் போய் இன்னொரு வாளி கொண்டுவருகிறார். பிறகு இன்னொன்று. ஏழு.

பையில் இருந்த பேனை கசிகிறது. சட்டைப் பையில் நீலம் விரிகிறது. அவர் இன்னும் குனிந்தபடியே நிற்கிறார். வாளி முடிந்துவிட்டது என்று யாராவது சொல்ல வேண்டும்.



ஐப்பசி. மழை.

மகன் கட்டாருக்குப் போய்விட்டார். தகரப் பத்தி ஒழுகுகிறது. ஹொண்டாவுக்கு மேலே உரப்பை போர்த்தியிருக்கிறது. காலை ஆறு பத்துக்கு உரப்பை நீங்குகிறது. சோக் பாதி. இரண்டு வெறும் கிக். மூன்றாவது. ஐந்து நிமிடம். உரப்பை மீண்டும் மூடுகிறது. சி.ஆர். கொப்பி இப்போது பென்சிலில் எழுதப்படுகிறது.

வரிப்பத்திரம் முடியப் போகிறது. காப்புறுதியும். மகனின் போன் வருகிறது, மாமாவிடம் கொடுங்கோ என்கிறது. மாமா போனைக் காதில் வைத்து "ஓம்" என்கிறார். கொஞ்சம் பொறுத்து "ஓம்" என்கிறார். பிறகு "அது சரிதானே" என்கிறார்.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது வீட்டுக்காரி மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"நீங்களே எடுங்கோவன் அண்ணா."

"ரெண்டை ஒராள் ஓடேலாது தங்கச்சி."



மழை விட்ட ஒரு சனிக்கிழமை. வாங்க ஒருவர் வருகிறார். கிண்ணியாப் பையன். இருபத்தைந்து இருக்கும். புதிய ஹெல்மெட். உரப்பையை நீக்கியதும் அவன் வண்டியைத் தொடவில்லை. சுற்றி வருகிறான். மண் தட்டை வாசிக்கிறான்.

"வாப்பாட்டயும் இதேதான் இருந்தது ஐயா. சுனாமில போயிட்டு. ரோட்டில இந்தச் சத்தம் கேட்டா இன்னும் திரும்பிப் பாப்பாரு."

விலை பேசப்படவில்லை. மகன் சொன்ன தொகையைப் பையன் எண்ணி வீட்டுக்காரியின் கையில் கொடுக்கிறான். அவர் எண்ணாமல் முந்தானையில் முடிகிறார். எழுதுவினைஞர் வாங்கி எண்ணித் திருப்பிக் கொடுக்கிறார்.

பையன் திறப்பைத் திருப்பி உதைக்கிறான். வண்டி பிடிக்கவில்லை. மறுபடி உதைக்கிறான்.

"பொறும் தம்பி."

எழுதுவினைஞர் கிட்டப் போகிறார். அதுவரை அவர் பேசிய எல்லாவற்றையும் கூட்டினாலும் இனிப் பேசுவதில் பாதி வராது.

"திறப்பைப் பிறகு. முதல்ல எண்ணெயைத் திறவும். சோக் பாதி, முழுக்க இழுத்தா மூச்சு முட்டும். ரெண்டு வெறும் கிக். மூண்டாவதுக்குத்தான் திறப்பு. குளிர் நாளில நாலு. நியூட்ரல் பச்சை லைற் பொய் சொல்லும், கிளச்சைப் பிடிச்சுப் பார்க்காமல் நம்பாதையும். இடது கண்ணாடி எழுபதில நடுங்கும். வலதுதான் சரி. அவர் வலதிலதான் பாக்கிறவர். எண்ணெய் கொஞ்சம் சிந்தும், அது வருத்தம் இல்லை, பழக்கம். கீழ ஒரு மட்டை போடும். பிளக் மாத்த வேணும், அது மிச்சம் கிடக்கு. வளைவில தானாச் சரியும், பயப்படாதையும், சரிய விடும். பின்னால ஆரும் வந்தா..."

நிறுத்துகிறார்.

"பின்னால ஆரும் வந்தா, சந்தியில சிக்னலை நேரத்தோட போடும். இந்த வண்டிக்கு அது பழக்கமில்லை."

பையன் தலையாட்டுகிறான். விரல்களை மடித்து எண்ணுகிறான். எண்ணெய், சோக், ரெண்டு, மூண்டு.

மூன்றாவதில் எஞ்சின் பிடிக்கிறது. இடது புகை. வலது புகை.

கேற் திறக்கிறது. ஹொண்டா ஒழுங்கையில் இறங்குகிறது. நாய் ஒன்று எழுந்து வழக்கமான தூரம் ஓடித் திரும்புகிறது. எழுதுவினைஞர் கேற்றடியில் நிற்கிறார். கண் ஒழுங்கையில் இல்லை. தலை கொஞ்சம் சரிந்திருக்கிறது. சத்தம் ஒழுங்கை முகப்பில் குறைகிறது. பெரிய வீதியில் ஏறிக் கூடுகிறது. சந்திக்கு வந்திருக்க வேண்டும். குறைகிறது. நிற்கவில்லை. சீனக்குடாப் பக்கம் கூடுகிறது.

தேத்தண்ணி வருகிறது. அவர் வாங்கி மதிலில் வைக்கிறார்.

பத்திக்குக் கீழே மட்டை மட்டும் கிடக்கிறது. வட்டங்கள். நடுவில் ஒன்று தேன் நிறம், இன்னும் ஈரம்.

வீட்டுக்காரி விளக்குமாற்றோடு வருகிறார்.

"எறியட்டோ அண்ணா?"

"இருக்கட்டும்."

அவர் குந்தியிருந்து மட்டையை எடுக்கிறார். ஈரப் பக்கம் உள்ளே வர இரண்டாக மடிக்கிறார். பஜாஜின் கரியரில் வைத்துக் கம்பியை இழுத்து விடுகிறார். தேத்தண்ணி ஆறிவிட்டது. நின்றபடி குடிக்கிறார்.